ஏரிக்கரையைச் சீர்செய்யக் கிளம்பும் நண்பர்களுக்கு

மன்னார்குடி, வடுவூர் வட்டாரத்தில் நீர்நிலைகளுக்காக உழைத்துவரும் தன்னார்வ நண்பர்களே,

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் வட்டாரத்தைப் புரட்டிப்போட்ட பிறகு டெல்டாவின் இளைஞர்களிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சாய்ந்த தென்னைகளை அகற்றியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் வீடு திரும்பவில்லை. பேராவூரணியில் கைஃபா என்ற அமைப்பாகத் திரண்டவர்கள் பெரியகுளம் ஏரியைத் தூர்வாரினார்கள். அதைப் பார்த்து வேறு பல ஊர்களிலும் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் கைகள் சேர்ந்தன. ஊர் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து நம் மண்ணுக்குப் புதிதல்ல. மறந்திருந்த பழக்கம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். அந்த உழைப்பு வடுவூர் ஏரிக்கரைக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள் நடக்கும் பாதை நன்றாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் நல்ல பாதை என்பதற்கு நாம் வைத்துக்கொள்ளும் அளவுகோல் என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடக்கிறவருக்கு எவ்வளவு வசதி என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், கல் பதித்த, விளக்கு போட்ட, ஏரியைச் சுற்றிவரும் நீண்ட பாதையில் போய் முடியும். வந்தவர் நிறையப் பார்க்க வேண்டும், அவரால் பறவை இடம்பெயரக் கூடாது என்பதை அளவுகோலாக வைத்தால் வேறு மாதிரியான பாதை கிடைக்கும். வடுவூருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பதைக் காரணங்களோடு உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

முதலில் இடத்தின் இயல்பைப் பார்ப்போம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் இருக்கிறது வடுவூர். ஏறக்குறைய 128 ஹெக்டேர் பரப்புள்ள அதன் ஏரி 1991-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் இடம்பெறுவது, இந்த நீர்நிலை உலகத்துக்கே முக்கியமானது என்று நம் நாடு ஒப்புக்கொண்டதற்குச் சமம். இத்தனைக்கும் இது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. நம் முன்னோர் பாசனத்துக்காகக் கரை போட்டு உருவாக்கியது. மேட்டூர்த் தண்ணீர் வந்தால் நிறையும், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நீர் ஏறும், ஏப்ரல் முதல் ஜூலை வரை பெரும்பாலும் வறண்டு கிடக்கும். பறவைகளின் கணக்கும் இந்தத் தண்ணீர்க் கணக்கை ஒட்டியதே. வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரி தளும்பும்போது அவை வந்துசேர்கின்றன; நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கூட்டம் நிறைந்திருக்கும். நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், கூழைக்கடா என்று மரத்திலும் கரையோரத்திலும் ஒரு பெரும் கூட்டம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து என்று இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து நீரில் மிதக்கும் இன்னொரு கூட்டம்.

இந்த வாத்துகளின் நாள் நடப்பைத் தெரிந்துகொண்டால் பாதையைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். குளிர்கால இருப்பிடங்களில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெரும்பாலும் இரவில்தான் இரை தேடுகின்றன. அந்தி சாய்ந்ததும் ஏரியை விட்டுக் கிளம்பி வயல்களிலும் ஆழமற்ற நீர்த்தேக்கங்களிலும் மேய்ந்துவிட்டு, விடியும்போது திரும்புகின்றன. பகல் முழுவதும் நடு ஏரியில் அவை சும்மா மிதப்பதுபோலத் தோன்றுவது அவற்றின் ஓய்வு நேரம். ஒருவர் கரையிலிருந்து இறங்கி நீரை நோக்கி நடந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறக்கும். பார்க்கிறவருக்கு அது கண்கொள்ளாக் காட்சி. பறவைக்கோ இரவெல்லாம் தேடிச் சேர்த்த சக்தி வீணாகும் நேரம். ஒரு நாளில் பல முறை இப்படி எழுப்பப்பட்டால், வசந்தத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டிய உடம்பில் கொழுப்பு சேராது. கூடு கட்டும் நாரைகளின் நிலைமை இன்னும் மோசம். தாய் எழும்பிய சில நிமிடங்களில் முட்டையைக் காகம் கொத்திவிடும், வெயில் குஞ்சை வாட்டிவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கூடு கட்டும் நீர்ப்பறவைக் கூட்டங்களை மனிதர் எவ்வளவு நெருங்கினால் அவை எழும்புகின்றன என்று அளந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு, நாரை, கொக்கு வகைகளின் கூட்டங்களுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளி விடச் சொன்னது. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த வேண்டியதில்லை. இடைவெளி என்பது அளந்து தீர்மானிக்க வேண்டிய ஒன்று, பாதை போடுகிறவரின் வசதிக்கு விடக்கூடியதல்ல என்ற பாடம் போதும்.

இதை வெளிநாட்டு ஆய்வைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. வேடந்தாங்கல் மக்கள் இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் திரண்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் எழுத்தாகவே வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்களின் அனுபவ அறிவு. இன்றைக்கும் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. இந்த மடலுக்குத் தேவையான செய்தி இன்னொன்று. வேடந்தாங்கலில் வருகிறவர்கள் நடப்பது ஏரியின் ஒரு பக்கக் கரையில் மட்டுமே. ஏரியைச் சுற்றிவர முடியாது, நீருக்குள் இறங்க முடியாது, மரங்களுக்கு அடியில் போக முடியாது. கரையில் நின்றும் பார்வைக் கோபுரத்தில் ஏறியும்தான் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் பருவத்தில் அங்கே கூட்டம் அலைமோதுகிறது. பாதை குட்டையாக இருப்பதால் ஆள் வராமல் போய்விடவில்லை. பறவை நிலைத்து நிற்பதால்தான் ஆள் வருகிறார்கள்.

ஆகவே வடுவூரில் நாம் கேட்க வேண்டிய முதல் மாற்றம், பாதை எங்கே முடிகிறது என்பதைத் தெளிவாக்குவது. கரையில் எதுவரை போகலாம், எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பக்கம் முழுவதும் பறவைகளுக்கு என்பது வந்தவருக்குப் பார்த்தவுடன் புரிய வேண்டும். இரண்டாவது, மறைப்பு. பறவைக்கு அச்சம் தருவது நடக்கும் மனிதரின் முழு உருவம் வானத்தின் பின்னணியில் தெரிவதுதான். உயரமான கரைமேல் நடக்கும்போது அது தவிர்க்க முடியாமல் நேர்கிறது. இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பீட்டர் ஸ்காட் 1946-இல் நீர்ப்பறவை அறக்கட்டளையைத் தொடங்கியபோது, நடப்பவர் தெரியாதபடி மண்மேடுகளால் பாதையை மறைத்து, மறைவிடங்களிலிருந்து பார்க்கவைத்தார். 1993-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்திலும் மறைவிடங்களில் நின்றுதான் பறவை பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். தென்னங்கீற்றுத் தட்டியும் மூங்கிலும் இந்த மண்ணில் கிடைக்காத பொருள்களா? கரையின் நீர்ப்பக்கத்தில் தேர்ந்தெடுத்த சில இடங்களில் தட்டி கட்டி, பெரியவர் நிற்கும் உயரத்தில் ஒன்றும் குழந்தையின் உயரத்தில் ஒன்றுமாகப் பார்வைத் துளை விட்டால் போதும். வெயிலிலும் மழையிலும் தட்டி மக்கும். ஆண்டுதோறும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலைதான் உங்களை ஆண்டுதோறும் ஏரிக்கு வரவழைக்கும்.

அடுத்து, தரை. பாதையைச் சீரமைப்பது என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது சிமென்ட் கல் பதிப்பதுதான். வடுவூரில் நடக்கும் பாதை ஏரியின் கரை என்பதை இங்கே மறக்கக் கூடாது. கரைக்கு முதல் வேலை தண்ணீரைத் தாங்குவது. மனிதரைத் தாங்குவது அதற்கு அடுத்ததுதான். நம் வட்டாரத்துக் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் பதித்த கல் ஒன்றிரண்டு பருவங்களில் ஏற்ற இறக்கமாகிவிடும். காலை இடறும் இடமாகவே அது மாறும். அதைவிடக் கவலைக்குரியது வேறு. நண்டு வளையும் எலி வளையும் கரையில் கசிவாகத் தொடங்கி உடைப்பில் முடியும் என்பதை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைமேல் நடந்துபோகும் போதே வளையைக் கண்டு அடைப்பது பழைய முறை. கல்லால் மூடிய கரையில் அந்த வளை கண்ணுக்குத் தெரியாது. மழைநீரும் கல்மேல் ஊறாமல் இரு சரிவிலும் ஒரே வேகமாக வழிந்து மண்ணை அரிக்கும். ஆகவே கரைக்கு ஏற்றது கெட்டிப்படுத்திய செம்மண் கிராவல் பாதைதான். நடுவில் சற்றே மேடு, இரு பக்கமும் சீரான சரிவு, நீர் தேங்கும் பள்ளங்களில் மட்டும் கூடுதல் கிராவல், சரிவுகளில் புல்லை வெட்டாமல் விடுவது. சேறு வருவது மண்ணால் அல்ல, வடிகால் இல்லாததால். வடிகாலைச் சரிசெய்தால் மண்பாதை மழை விட்ட சில மணி நேரத்தில் நடக்கும்படி ஆகிவிடும்.

இந்த வேலைகளை எப்போது செய்வது என்பதும் எதைச் செய்வது என்பதற்கு இணையான கேள்வி. வருகிறவர்கள் குறை சொல்வது நவம்பரிலும் டிசம்பரிலும். அப்போதுதான் சேறு, அப்போதுதான் கூட்டம். நமக்கும் ஆர்வம் பொங்குவது அந்த நேரத்தில்தான். ஆனால் அந்த மாதங்களில் ஏரிக்கரையில் மண்வெட்டியும் டிராக்டரும் இறங்கினால், பாதையைத் திருத்தப் போய் பார்க்க வேண்டியதை விரட்டியவர்கள் ஆவோம். ஏரி வற்றி, வலசை வந்தவை திரும்பிப்போன பிறகு, ஏப்ரலில் தொடங்கி, மேட்டூர் திறந்து நம் வாய்க்கால்களில் தண்ணீர் ஏறுவதற்குள் முடிப்பதே முறை. மேட்டூரைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12 என்பதால், நம் கையில் இருப்பது இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலம். பறவைப் பருவத்தில் நமக்கு வேறு வேலை இருக்கிறது: குப்பை பொறுக்குவது, பிளாஸ்டிக்கை நுழைவிலேயே தடுப்பது, வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது, எந்த இடத்தில் எந்தப் பறவை எழும்புகிறது என்று குறித்துவைப்பது. அந்தக் குறிப்புதான் அடுத்த கோடையில் தட்டி எங்கே கட்ட வேண்டும் என்பதைச் சொல்லும்.

விளக்கும் ஒலிபெருக்கியும் இந்தக் கரைக்கு வேண்டாம். இரவில் இரைக்குப் போய்வரும் பறவைகளின் ஏரியில் வரிசையாக விளக்குக் கம்பம் நடுவது, அவற்றின் வேலை நேரத்தைக் கெடுப்பதாகும். மரம் நடுவதில்கூட நிதானம் வேண்டும். வெட்டவெளியில் வெயில் தாங்காது என்பது உண்மை. நடக்கும் பக்கத்தில் புங்கனும் நாவலும் நீர்மருதும் நிழல் தரட்டும், ஆனால் கரையின் சரிவைத் தொடாமல், கரையடிக்கு அப்பால். வேர் கரையைப் பிளந்தால் நிழலால் பயனில்லை. ஏரிக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை முள் என்று வெட்டச் சொல்லும் குரல்களுக்கும் செவிசாய்க்க வேண்டாம். நீர் சூழ்ந்த முள்மரம்தான் கூடு கட்டும் பறவைக்குக் காவல்.

இனி, இதை மறுத்துச் சொல்லக்கூடியவற்றில் வலுவானவற்றைப் பார்ப்போம். முதலாவது முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பற்றியது. மண்பாதையும் தட்டியும் இளைஞர்களுக்குச் சரி, சக்கர நாற்காலியில் வருகிறவர் என்ன செய்வார் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை எல்லோரும் அணுக முடிய வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது சரி. ஆனால் அவருக்குத் தேவை ஏரி முழுவதும் கல் பதித்த பாதை அல்ல. வண்டி நிற்கும் இடத்திலிருந்து முதல் பார்வையிடம் வரை ஒரு குறுகிய தூரம், படிக்கட்டு இல்லாத மெல்லிய சாய்வோடும் உறுதியான சமதளத்தோடும் இருந்து, அங்கே உட்கார்ந்த உயரத்தில் பார்வைத் துளையும், கைப்பிடியும், சாய்ந்து உட்கார இருக்கையும், அருகில் கழிப்பறையும் இருந்தால் அவர் மற்றவர்களைப் போலவே பார்க்க முடியும். கோபுரத்தில் ஏற முடியாதவருக்கு, நல்ல பறவைக் காட்சி கிடைக்கும் இடம் தரை மட்டத்திலேயே அமைய வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைப்போம். எல்லா இடத்தையும் அரைகுறையாகத் திறப்பதைவிட ஓர் இடத்தை முழுமையாகத் திறப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாவது மறுப்பு: பக்கத்துச் சாலையில் பேருந்து ஹாரன் ஓயாமல் ஒலிக்கிறது, கரையில் ஆடு மாடு போகிறது, மதகு திறக்க ஆள் வருகிறார், பறவை பழகித்தானே இருக்கிறது என்பது. பழகியிருக்கிறது என்பது மெய்தான். ஒரே வழியில், ஒரே மாதிரியாக, தன்னை நோக்கித் திரும்பாமல் போகும் எதற்கும் பறவை பழகிக்கொள்ளும். வழியை விட்டு விலகி, நின்று, கையை நீட்டி, நீரை நோக்கி வருகிறவருக்கு அது பழகுவதில்லை. ஏனெனில் அவர் அடுத்து என்ன செய்வார் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் வரையறுத்த பாதை வேண்டும் என்கிறேன். மதகுக்குப் போகும் விவசாயியின் நடையைக் காட்டி நூறு சுற்றுலாப் பயணிகளின் ஓட்டத்தை நியாயப்படுத்த முடியாது. கரையில் அவருக்கு உரிமையும் வேலையும் இருக்கின்றன. போடப்படும் எந்தப் பாதையும் அவர் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகக் கூடாது.

மூன்றாவது மறுப்பு பிழைப்பைப் பற்றியது. பெரிய ஏற்பாடுகள் இருந்தால் வெளியூர்க் கூட்டம் வரும், கடைகளுக்கு வியாபாரம் நடக்கும் என்பதைத் தள்ளிவிட முடியாது. வடுவூரின் வருமானம் எதைப் பொறுத்தது என்று யோசிப்போம். பறவைகள் எத்தனை நாள் தங்குகின்றன என்பதைப் பொறுத்தது. விரட்டப்பட்ட கூட்டம் உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கோ வேறு ஏரிகளுக்கோ போய்விட்டால், கல் பதித்த பாதையைப் பார்க்க யாரும் வரப் போவதில்லை. பெட்டிக்கடைகளைக் கரையிலிருந்து தள்ளிச் சாலை ஓரத்தில் ஒழுங்குபடுத்துவோம். வடுவூர்ப் பிள்ளைகளுக்குப் பறவைகளின் பெயரும் பழக்கமும் கற்றுக்கொடுத்து வழிகாட்டிகளாக்குவோம். நடக்க நீண்ட பாதை தருவதைவிட, ஒரே இடத்தில் பைனாகுலரைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று விளக்கும் ஒருவர்தான் வந்தவரை நீண்ட நேரம் தங்கவைப்பார். விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. நத்தை குத்தி நாரை வயலின் நத்தையைத் தின்கிறது, கொக்கும் மடையானும் வரப்பைத் துளைக்கும் நண்டைத் தின்கின்றன, எச்சம் உரமாகிறது. ஏரியில் பறவை நிலைப்பது ஆயக்கட்டுக்கும் ஆதாயம்.

காலை நடைக்கும் மாலைக் காற்றுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மன்னார்குடியிலேயே விடை இருக்கிறது. ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதி, நாட்டின் மிகப் பெரிய கோயில் தெப்பக்குளங்களில் ஒன்று. அதன் நான்கு கரைகளும் மக்கள் குடியிருக்கும் தெருக்கள். விளக்கு, இருக்கை, சமதளமான நடைபாதை, குழந்தைகள் ஓடியாட இடம் எல்லாவற்றையும் அங்கே கேட்போம், உரத்த குரலில் கேட்போம். ஊர் நடுவில் இருக்கும் குளத்தை நடைக்கு உகந்ததாக ஆக்கினால், 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சரணாலயத்தின்மேல் அந்தச் சுமை விழாது. ஒவ்வொரு நீர்நிலையையும் ஒரே அச்சில் பூங்காவாக்கும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

கடைசியாக நடைமுறை. ஏரி பாசனத்துக்கு உரியது, சரணாலயமோ வனத்துறையின் பொறுப்பு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதும் தங்குவதும் அனுமதிக்கு உட்பட்டவை. வாழிடத்தைச் சேதப்படுத்துவதும் நீரோட்டத்தை மாற்றுவதும் குற்றம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அனுமதியில்லாமல் செய்தால் சட்டம் அதைப் பிரித்துப் பார்க்காது. ஆகவே மண்வெட்டி எடுப்பதற்கு முன், வனத்துறையையும் நீர்வளத் துறையையும் ஆயக்கட்டு விவசாயிகளையும் ஊராட்சியையும் ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். எதுவரை பாதை, எங்கே மறைப்பு, எந்த மாதம் வேலை, யார் பராமரிப்பு என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். அந்தத் தாளை நுழைவாயிலில் தமிழில் எழுதி வையுங்கள். வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டு உள்ளே வரட்டும்.

நீங்கள் தூர்வாரிய குளங்கள் உங்கள் உழைப்புக்குச் சாட்சி. வடுவூர் உங்களிடம் கேட்பது அதே உழைப்பை, கூடுதல் பொறுமையோடு. பருவம் நடக்கும்போது குறிப்பெடுங்கள். ஏரி வற்றியதும் வேலையில் இறங்குங்கள். தண்ணீர் வருவதற்குள் கரையை விட்டு வெளியேறுங்கள். குட்டையான, மறைவான, வடிகால் சரியாக உள்ள ஒரு மண்பாதை போதும். அதைச் செய்து முடியுங்கள், நண்பர்களே.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து உங்களில் ஒருவன்